இரண்டு மயில்களுக்கு நடுவே ஏழாம் நம்பர்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டது பால்ச்சாமியின் கூலிங் கிளாஸ்தான். ஆள் அங்கே இல்லை, படம்தான். டிராக்டரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் இருக்கும் மின்கம்பத்துக்கும் டீக்கடைக்கும் நடுவே ஆளைவிடப் பெரிதாக நின்றுகொண்டிருந்தார்.

அவருக்குப் பக்கத்தில் ஒரு தாமரைப் பூ. பூவுக்கு இரண்டு பக்கமும் தோகை விரித்த மயில்கள். பூவுக்குள்ளே, ஏழாம் நம்பர் கபடி ஜெர்சியில், முழங்காலில் பிளாஸ்திரியோடு, எதிரில் நிற்பவரை அடித்துவிடுவது போல் பார்த்துக்கொண்டு பாண்டிமீனா. பால்ச்சாமியின் அக்கா மகள்.

மேலே ஒரு வரி: 'எங்கள் இல்லத்து மகாலட்சுமி, கபடிப் போட்டியில் மாவட்டத்தில் முதலிடம்.' கீழே, சந்தன நிறப் பட்டையில் இன்னொரு வரி: 'தாய்மாமன் சீர், ஞாயிறு மாலை. அனைவரும் வருக.'

நான் ஆர்டர் கொடுத்த ஃப்ளெக்ஸ்தான் அது. நான் சொன்ன கபடி இருந்தது. நான் சொன்ன ஞாயிறு மாலையும் இருந்தது. மயிலும் தாமரையும் சீரும் நான் சொல்லாதவை.

பக்கத்து ஊர்க்காரர் போலிருந்த ஓர் அம்மா, தலையில் புல்லுக்கட்டோடு நின்று ஃப்ளெக்ஸை மேலும் கீழும் பார்த்தார்.

"புள்ள எப்பத்தா உக்காந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"அவ எங்கம்மா உக்காந்தா? மேட்ச் பூரா ஆடிக்கிட்டுல்ல இருந்தா" என்றேன்.

அந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார். அவர் வாய்க்கால் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் பெண் பிள்ளை உட்கார்ந்துவிட்டாள் என்றால் வயதுக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். விளையாட்டில் உட்கார்ந்தாள் என்றால் ஆட்டத்தில் சேர்க்கவில்லை என்று அர்த்தம். கொஞ்ச காலமாகவே நான் இரண்டாவது அர்த்தத்தில் மட்டும் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

பாண்டிமீனா அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். அவளுடைய சடங்கு பல வருஷத்துக்கு முன்பே, ஊரே வந்து சாப்பிட்டுப் போன சடங்காக, நடந்து முடிந்துவிட்டது.

வயிற்றுவலிக்காரி

நான் மதுரை சிம்மக்கல்லில் பிறந்து வளர்ந்தவள். வீட்டு வாசலை விட்டு இறங்கினால் லாரி, அதற்கடுத்து டவுன் பஸ், அதற்கடுத்து ஆட்டோ. எங்கள் தெருவில் பிள்ளைகள் ஓடினார்கள் என்றால் உயிருக்குப் பயந்து ஓடினார்கள் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியடு வந்தாலே எனக்கு வயிறு வலிக்கும். பி.டி. டீச்சர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'ஏய் வயித்துவலி' என்றுதான் கூப்பிடுவார். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

அப்படிப்பட்டவளைத்தான் எங்கள் தொண்டு நிறுவனம் 'விளையாட்டின் வழியே சமுதாய மேம்பாடு' திட்டத்துக்கு ஒருங்கிணைப்பாளராகப் போட்டது. காரணம் ஒன்றும் பெரிதில்லை. அதற்கு முந்தைய தையல் மிஷின் திட்டம் முடிந்து நான் சும்மா இருந்தேன். அந்த மிஷின்களுக்கு என்ன கதி நேர்ந்தது என்பதை இந்தத் தொடரின் முந்தைய வாரங்களில் எழுதிவிட்டேன். படித்துவிட்டு வாசகர்கள் சிலர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார்கள். நானும் வருத்தப்பட்டவள்தான். ஆனால் எங்கள் நிறுவனத்தில் வருத்தத்துக்கென்று தனித் திட்டம் எதுவும் இல்லை.

ஊர், பேரையூர்ப் பக்கம். பேரைச் சொன்னால் பஸ் பிடித்து சிம்மக்கல்லுக்கே வந்து கேட்பார்கள். அதனால் ஊர் என்றே வைத்துக்கொள்வோம். மானாவாரி நிலம், ஒரு கண்மாய், கண்மாய்க்குள் தண்ணீருக்குப் பதிலாக வேலிக்கருவை முள்.

முதல் கூட்டத்துக்கு எங்கள் இயக்குநர் ஒரு பேனர் அடித்துக் கொடுத்திருந்தார். 'விளையாட்டு வழி இளைஞர் அதிகாரமளித்தல்.' அதை நாடக மேடையில் கட்டிவிட்டு உட்கார்ந்தோம். ஊர் ரொம்ப நேரம் அதைப் படித்தது.

"எந்த அதிகாரி வாராக?" என்று ஒருவர் கேட்டார்.

"யாரும் வரலீங்க. உங்க பொம்பளப் புள்ளைகளுக்கு நாங்க அதிகாரம் குடுக்கப் போறோம்."

பின்னாலிருந்து ஒருவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் பால்ச்சாமியை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"ஏற்கெனவே அவளுக அதிகாரம் வீட்டுல தாங்க முடியல. இதுல நீங்க வேற மதுரையில இருந்து கொண்டாந்து குடுக்கணுமாக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். கூட்டம் அதோடு கலைந்தது. 'மக்கள் ஆர்வத்துடன் கலந்துரையாடினர்' என்று அறிக்கையில் எழுதினேன்.

வெயில் நேரத்து மைதானம்

கபடியைத் தேர்ந்தெடுத்ததில் கொள்கை எதுவும் இல்லை. அதற்கு மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், வலை வேண்டாம். சுண்ணாம்பில் கோடு போட்டால் போதும். அந்தக் கோட்டைப் போடுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதை நான் யோசிக்கவில்லை.

இடம் ஒன்று இருந்தது, கண்மாய்க்கரைக்குக் கீழே. அதில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். அவர்கள் அப்பாக்களும் அங்கேதான் ஆடினார்களாம். பேச்சுவார்த்தையில் ஒரு முடிவுக்கு வந்தோம். வெயில் தாழ்ந்தபின் மைதானம் பையன்களுக்கு. வெயில் கொளுத்தும்போது பெண்களுக்கு. இதைப் பெருந்தன்மை என்று அவர்கள் நினைத்தார்கள். வேறு வழியில்லாமல் நானும் நன்றி சொல்லித் தொலைத்தேன்.

அடுத்தது உடுப்பு. டிரவுசர் போடக் கூடாது என்றன வீடுகள். டிரவுசர் இல்லாமல் போட்டியில் சேர்க்க மாட்டோம் என்றார்கள் போட்டிக்காரர்கள். கடைசியில் முழுக்கால் பேண்ட், அதற்குமேல் டிரவுசர் என்று முடிவானது. இரண்டு தரப்புக்கும் வெற்றி. வேர்த்து ஊற்றியது பிள்ளைகளுக்கு மட்டும்.

திருமங்கலத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் பைக்கில் வருவார். தங்கமான மனிதர். விசிலை வாயிலிருந்து எடுக்கவே மாட்டார் என்பதால் அவர் குரல் எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆறேழு மாதத்தில் ஒன்று நடந்தது. பிள்ளைகளை இழுத்துப் போக வந்த அம்மாக்கள், இழுத்துப் போகாமல் ஓரத்தில் உட்கார ஆரம்பித்தார்கள். முதலில் முள் எடுத்துவிட உட்கார்ந்தார்கள். பிறகு பார்க்க உட்கார்ந்தார்கள். பிறகு பயிற்சியாளரோடு சண்டை போட உட்கார்ந்தார்கள். பாண்டிமீனாவின் அம்மா பேச்சியம்மா, நூறு நாள் வேலை முடிந்து வந்த கையோடு, "சார், அவ கோட்ட மிதிச்சுட்டா, விசில ஊதாம என்னத்த பாத்துக்கிட்டிருக்கீக?" என்று கத்துவார். மைதானத்துக்கு விளக்கு வேண்டுமென்று பஞ்சாயத்தில் போய் நின்றதும் அந்த அம்மாக்கள்தான். விளக்கு வந்தது. அன்றுமுதல் வெயில் நேரம், நிழல் நேரம் என்ற ஒப்பந்தத்தைப் பையன்களால் காப்பாற்ற முடியவில்லை.

பாண்டிமீனா பிடிக்கிற ஆள். எதிரணிக்காரி பாடிக்கொண்டு வந்தால், மற்ற பிள்ளைகள் பின்வாங்குவார்கள். இவள் அசையாமல் நிற்பாள். வந்தவள் திரும்பும்போது அவள் கணுக்கால் இவள் கையில் இருக்கும். அவ்வளவுதான் அவள் ஆட்டம். அதற்குமேல் ஆட வேண்டிய தேவை எந்த மேட்ச்சிலும் வரவில்லை.

திங்கட்கிழமை வண்டி

மாவட்டப் போட்டியில் ஜெயித்த மறுநாள் பஸ் ஸ்டாப்பில் அவள் என்னிடம் வந்தாள். அதுவரை அவள் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு 'தண்ணி இருக்கா மேடம்' என்பதுதான்.

"மேடம், நான் மில்லுக்குப் போவ மாட்டேன். மதுரைக்குப் போவணும். ஆடணும். மாமாகிட்ட நீங்க சொல்லுங்க."

விஷயம் இதுதான். பிளஸ் டூ முடிந்ததும் அந்தப் பக்கத்து ஊர்களுக்கு நூல் மில்லின் வண்டி வரும். பிள்ளைகள் ஏறிப்போவார்கள். வேலை, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அங்கேயே. பாண்டிமீனாவின் அப்பா கேரளாவில் பேக்கரியில் வேலை பார்க்கிறார், விசேஷத்துக்கு விசேஷம்தான் வருவார். வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் தாய்மாமன் பால்ச்சாமி சொல்வதுதான். அவர் மில்லுக்குச் சொல்லிவிட்டார். வண்டி திங்கட்கிழமை.

மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரி, கபடி ஆடும் பிள்ளைகளை இடம் கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. ஆஸ்டலும் உண்டு. அதற்கு ஆளெடுக்கும் செலக்சன் செவ்வாய்க்கிழமை. ஒரே ஒரு நாள் வித்தியாசம்தான். திங்கட்கிழமை அவள் வண்டி ஏறிவிட்டால் செவ்வாய்க்கிழமை என்று ஒன்று அவளுக்குக் கிடையாது. அவளோடு போகாது விஷயம். அணியில் மற்ற பிள்ளைகளின் வீடுகளும் பால்ச்சாமி என்ன செய்கிறார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தன. இவள் ஏறினால் ஒவ்வொருத்தியாக ஏறுவார்கள்.

பால்ச்சாமியிடம் போய்ப் பேசினேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மறுத்தார்.

"மேடம், நான் கெட்டவன் இல்ல. அந்தப் புள்ள பொறந்தப்ப மொதல்ல தூக்குனது நானு. காலேஜுல கபடி ஆடி கால ஒடிச்சுக்கிட்டு வந்து நின்னா நீங்களா வந்து பாப்பீக? உங்க திட்டம் முடிஞ்சா நீங்க போயிருவீக. மில்லுன்னா கேரண்டி."

இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. திட்டம் முடிந்தால் நான் போய்விடுவேன் என்பது உண்மைதான். தையல் மிஷின் ஊரைக் கேட்டால் தெரியும். ஆனாலும் எனக்கு அவர்மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ரெண்டே டிசைன்

ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா வைப்பதென்று முடிவாகியிருந்தது. விழா என்றால் ஃப்ளெக்ஸ் வேண்டும். மதுரையில் ஃப்ளெக்ஸ் இல்லாமல் காதுகூடக் குத்த முடியாது.

அணியில் எல்லாப் பிள்ளைகள் படத்தையும் போடத்தான் நினைத்தேன். வீடுகள் ஒத்துக்கொள்ளவில்லை. "பொம்பளப் புள்ள போட்டோவ ரோட்டுல கட்டுவீகளா?" என்றார்கள். அதே ரோட்டில் அவர்கள் வீட்டுப் பையன்கள் பிறந்தநாளுக்கு, பைக் வாங்கியதற்கு, வெறுமனே நண்பர்களாக இருப்பதற்கு என்று வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மா மட்டும், "எம் மக படத்தப் போடுங்க. பாக்குறவன் பாத்துட்டுப் போறான்" என்றார்.

காளவாசலில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் செல்வத்துக்கு விஷயத்தையும் படத்தையும் போனில் அனுப்பினேன். சாயங்காலம் அவர் கூப்பிட்டார். நான் சிம்மக்கல்லில் டவுன் பஸ் படியில் தொற்றிக்கொண்டிருந்தேன்.

"மேடம், தாய்மாமன் பேரு என்ன? போட்டோ இருக்கா?"

அது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. இந்த ஊரில் எதற்கும் தாய்மாமன் பேரைக் கேட்பார்கள். பால்ச்சாமியின் பேரைச் சொல்லி, அவர் வாட்ஸ்அப்பில் வைத்திருந்த டிராக்டர் படத்தை அனுப்பிவிட்டேன். ஆள் ஏற வழிவிடச் சொல்லி கண்டக்டர் வேறு கத்திக்கொண்டிருந்தார்.

ஃப்ளெக்ஸைப் பார்த்த அன்று, விலக்கில் நின்றபடியே செல்வத்தைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மேடம், பொம்பளப் புள்ள சிங்கிள் போட்டோன்னா எங்கட்ட ரெண்டே டிசைன்தான். சடங்கு, இல்லேன்னா கல்யாணம். கல்யாண டிசைன்ல போட்டா மாப்ள படம் கேக்கும். அதான் இதுல போட்டேன். சடங்குங்குற வார்த்தைய எடுத்துட்டேன்ல?"

"சீர எடுக்கலையே?"

"தாய்மாமன் படம் குடுத்தீகளே மேடம். அவரு சீர் செய்யாம வேற என்னத்துக்கு அங்க நிக்கிறாரு?"

ஒரு பெண் இந்த ஊரில் இரண்டு தடவைதான் ஃப்ளெக்ஸில் வருகிறாள். மூன்றாவது தடவை கண்ணீர் அஞ்சலி. ஜெயித்ததற்காக வருவாள் என்று எந்தக் கடைக்காரனும் டிசைன் செய்து வைக்கவில்லை, செல்வத்தை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது. இதில் என் தப்பும் எதுவும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

கயிறு

செல்வத்தோடு பேசி முடிப்பதற்குள் பால்ச்சாமியே பைக்கில் வந்து இறங்கினார். நிஜ ஆளுக்குக் கூலிங் கிளாஸ் இல்லை.

"யாரக் கேட்டு என் படத்தப் போட்டீக?"

"பிடிக்கலேன்னா கிழிச்சிருங்க" என்றேன். எனக்கும் அன்றைக்கு மனசு சரியில்லை.

விறுவிறுவென்று போய்க் கயிற்றைப் பிடித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். கிழிப்பதென்றால் அவர் படம் இருக்கிற பக்கத்திலிருந்துதான் கிழிக்க வேண்டும். டீக்கடை வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"படம் அம்சமா விழுந்திருக்குண்ணே" என்றார் டீக்கடைக்காரர்.

பால்ச்சாமி கயிற்றை ஆட்டிப் பார்த்தார்.

"கயித்த லூசா கட்டியிருக்கான் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மதியத்திலிருந்து அவர் போன் ஓயவில்லை. யாரோ ஃப்ளெக்ஸைப் படம் எடுத்து சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டார்கள். கேரளாவிலிருந்து பாண்டிமீனாவின் அப்பா கூப்பிட்டு, "ஏன் மாப்ள, எம் மகளுக்கு ரெண்டாந்தடவை சடங்கு வைக்கிறீகளாம்ல?" என்று கேட்டிருக்கிறார். "சடங்கு இல்ல மச்சான், அது ஏதோ கபடியாம்" என்றிருக்கிறார் இவர்.

இதைப் பேச்சியம்மா எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வியாழக்கிழமை 'ஏதோ கபடியாம்' என்று ஆரம்பித்தவர், எல்லாருக்கும் பதில் சொல்லிச் சொல்லி, வெள்ளிக்கிழமை 'புள்ள கபடியில ஜெயிச்சிருக்கு' என்றாராம். சனிக்கிழமை யாரோ ஒரு பெரியப்பாவிடம், 'மாவட்டத்துலயே மொத எடம் பெரியப்பா, சும்மா இல்ல' என்று சத்தம் போட்டாராம்.

"அப்ப மில்லு?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"அது அதுபாட்டுக்கு இருக்கு. திங்கக்கெழம வண்டி வருதுன்னு காலையிலகூடச் சொன்னான்" என்றார் பேச்சியம்மா. சிரிப்பு நின்றுவிட்டது.

பெருமைப்படுவது வேறு, அனுப்புவது வேறு போலிருக்கிறது.

ஞாயிறு மாலை

விழாவுக்கு எங்கள் இயக்குநர் வந்திருந்தார். விளையாட்டின் வழியே இளைஞர்களின் ஆற்றல் எப்படியெல்லாம் வெளிப்படும் என்று நீளமாகப் பேசினார். முன் வரிசையில் அணிப் பிள்ளைகள் ஜெர்சியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அம்மாக்கள். ஊர் மொத்தமும் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தது.

மேளச் சத்தம் கேட்டது. இயக்குநர் தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து ஒரு நிமிஷம் நிறுத்தினார்.

பால்ச்சாமி சீரோடு வந்தார். 'பேரப் போட்டு வச்சிருக்கு, வெறுங்கையோட போயி நிப்பீகளா?' என்று அவர் மனைவி கேட்டாராம். முன்னால் மேளம், அதற்குப் பின்னால் தாம்பாளம் ஏந்திய பெண்கள். தேங்காய், பழம், பூ, மாலை, சேலை. எனக்கே கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த தாம்பாளங்களைப் பார்த்ததும் சந்தோஷம் போய்விட்டது. சோப்பு டப்பா, எவர்சில்வர் தட்டு, தம்ளர், தலையணை. கடைசியாக வந்த பெண் தாம்பாளத்தில் வைக்க முடியாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தது சிவப்பு பிளாஸ்டிக் வாளி, உள்ளே மக். மில்லுக்குப் போகிற பிள்ளைக்கு வாங்கித் தரும் சாமான்கள். அந்த ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். அம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு செலவில் இரண்டு காரியத்தையும் முடித்துவிட்டார் மனுஷன்.

பாண்டிமீனாவை மேடையில் ஏற்றினார்கள். பால்ச்சாமி மாலையைப் போட்டார். எதிரில் சீரை இறக்கி வைத்தார்கள். 'தாய்மாமன் ரெண்டு வார்த்தை பேசுவாக' என்று மைக் செட்காரர் அவர் கையில் மைக்கைத் திணித்தார். பால்ச்சாமி தொண்டையைச் செருமினார்.

அதற்குள் பாண்டிமீனா பேசிவிட்டாள். நான் எத்தனையோ சடங்கு பார்த்திருக்கிறேன். மாலையும் கழுத்துமாக இருக்கிற பெண் குனிந்துதான் இருப்பாள். ஒருத்தியும் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

"மாமா, இந்த வாளி எதுக்கு?"

மைக் பக்கத்தில் இருந்ததால் ஊர் முழுக்கக் கேட்டது.

"நாளைக்கு வண்டி வருதுல்ல" என்றார் பால்ச்சாமி. அதுவும் கேட்டது.

"வாளிய வாங்கிக்கிறேன் மாமா. தலையணையும் வாங்கிக்கிறேன். காலேஜு ஆஸ்டலுக்கும் வாளி வேணுமாம், கேட்டுட்டேன். வண்டிக்காரருக்குப் போன் போட்டு வரவேணாம்னு சொல்லுங்க."

பேச்சியம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"செலக்சன் ஆகலேன்னா என்ன பண்ணுவ?" என்று பால்ச்சாமி தாழ்ந்த குரலில் கேட்டார். மைக்குக்குத் தாழ்ந்த குரல் உயர்ந்த குரல் எல்லாம் தெரியாது.

"ஆகலேன்னா நானே வண்டிக்காரருக்குப் போன் போடுறேன். நாளைக்குப் போவ மாட்டேன். சீர எடுக்கச் சொன்னாலும் சரி."

கொண்டுவந்த சீரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிற தாய்மாமனை அந்தப் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அது சாவுக்குச் சமம். பால்ச்சாமி வாளியைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பிள்ளையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எதிர்ப்பக்கம் பேசுவது கேட்கவில்லையோ என்னவோ, ஸ்பீக்கரில் போட்டார். மைக்கை யாரிடமாவது கொடுக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, வாங்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

"அண்ணே, பால்ச்சாமி பேசுறேன்."

"சொல்லுங்க பால்ச்சாமி. காலையில வண்டி வந்துரும். புள்ளைய விலக்குல நிக்கச் சொல்லுங்க."

"வண்டி வேணாம்ணே. புள்ள வரல."

"என்னாச்சு? கல்யாணமா?"

"இல்லண்ணே. காலேஜுக்குப் போவுது. கபடிக்கு."

"எதுக்கு?"

"கபடிண்ணே. க, ப, டி."

எதிர்ப்பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"சரி, விடுங்க. சீட்டு ஒண்ணு காலியாவுதுல்ல? உங்க ஊருல வேற புள்ளைக இருந்தா ஏத்தி விடுங்க."

பால்ச்சாமி தலையை நிமிர்த்தினார். முன் வரிசையில் ஜெர்சி போட்ட பிள்ளைகள் மொத்தப் பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் அவர்கள் அம்மாக்களும்.

"இந்த ஊருல இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு போனை அணைத்தார்.